செயலில் உள்ள மாணவர்கள்

வீடு மாற்றும்போது எல்லாருக்கும் ஒரு ஆள் மேல் கோபம் வரும். எதை வண்டியில் ஏற்றுவது, எதைக் குப்பையில் போடுவது என்று முடிவு செய்கிற ஆள் மேல். எங்கள் பல்கலைக்கழகம் பழைய இணையவழிக் கல்வித் தளத்தை மூடிவிட்டுப் புதிய தளத்துக்குக் குடிபோனபோது, அந்த ஆள் நான்தான். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பாடங்கள். ஒவ்வொன்றிலும் குறிப்புகள், வீடியோக்கள், வினாத்தாள்கள், மாணவர்கள் கேட்ட கேள்விகள், அவர்கள் கொடுத்த அசைன்மென்ட்டுகள். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, தூசி தட்டி, புதிய இடத்தில் அடுக்க வேண்டும். எட்டு மாதம் ஆனது.

விசாரணைக்காக நீங்கள் எழுதித் தரச் சொன்னது வேறு விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் வேலை புரியாமல் நான் செய்ததைப் படித்தால், ஏதோ பைத்தியக்காரி செய்தது என்று தோன்றும். எனக்கு மூளை நன்றாகத்தான் வேலை செய்தது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பேராசிரியர்கள் பெரிய படிப்பாளிகள். ஃபைலுக்குப் பெயர் வைக்க மட்டும் தெரியாது. தாவரவியல் பேராசிரியர் ஒரே பாடத்தை நான்கு தடவை ஏற்றியிருந்தார். 'கடைசி', 'புதிய கடைசி', 'இதுதான் கடைசி', 'நிஜமாகவே கடைசி'. நான்கையும் திறந்து பார்த்தேன். நான்கும் ஒன்றுதான். "ஏன் சார் இப்படி?" என்று கேட்டால், "எதுக்கும் இருக்கட்டும் மேடம், தூக்கிப் போட மனசு வரல" என்றார். அவர் மேல் எனக்கு அன்று கோபம் வரவில்லை. எனக்கும் தூக்கிப் போட மனசு வராத ஒன்று அதே தளத்தில் இருந்தது.

எங்கள் பிரிவுத் தலைவர் ஒரு விதி போட்டார். ஒரு வருடமாக லாகின் செய்யாத மாணவரின் கணக்கு புதிய தளத்துக்கு வராது. பழைய தளம் மூடும் நாளில் அதோடு சேர்ந்து அழியும். நியாயமான விதி. கூட்டத்தில் முதலில் கை தூக்கி ஆமோதித்தவள் நான். பிறகு என் அறைக்கு வந்து, செயலில் உள்ள மாணவர்கள் பட்டியலை எடுத்து, தாவரவியல் வகுப்பில் நாற்பத்தேழாம் ரோல் நம்பரைப் பார்த்தேன். கடைசி லாகினுக்குப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. அது என் மகள்.

வீட்டில் அவளைச் சிட்டு என்று கூப்பிடுவோம். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது மூளைக் காய்ச்சல் வந்து நான்கே நாளில் போய்விட்டாள். பல்கலைக்கழகப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க ஒரு படிவம் உண்டு. பெற்றோர் கையெழுத்துப் போட்டு இறப்புச் சான்றிதழோடு கொடுக்க வேண்டும். பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும் பெண் அதை ஒரு உறையில் வைத்து, என் கண்ணைப் பார்க்காமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் கொடுக்கவே இல்லை. யாரும் திருப்பிக் கேட்கவும் இல்லை. கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை என்று நினைக்கிறேன். பெயரை நீக்காததால், வகுப்பு மூன்றாம் ஆண்டுக்குப் போனபோது அவளும் கூடவே போனாள். கடைசி ஆண்டுப் பட்டியலில், நாற்பத்தாறுக்கும் நாற்பத்தெட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

பழைய தளத்தில் அவளுடையது என்று என்ன இருந்தது என்று நேற்று கேட்டீர்கள். அறுபத்தொரு பதிவுகள். பெரும்பாலும் கேள்விகள். "சார், மூணாவது வீடியோவுல சத்தம் வரல" என்று ஒன்று. "சத்தம் வந்துருச்சு சார், நான்தான் ஸ்பீக்கரை மூடி வெச்சிருந்தேன், மன்னிச்சுக்கோங்க" என்று அதற்குக் கீழே ஒன்று. ஏழு நிமிடம் அவள் பேசிய ஒரு வகுப்பறை உரை. நடுவில் ஒரு இடத்தில் தும்முகிறாள். யாரோ சிரிக்கிறார்கள். மூலையில் கட்டை விரல் மறைத்த ஒரு புகைப்படம். அவ்வளவுதான் சொத்து.

ஃபைல்களைப் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். எடுத்தேன். ஆறு இடத்தில் வைத்திருக்கிறேன். ஆனால் பென் டிரைவில் இருப்பவளுக்கு எந்த அறிவிப்பும் வராது. தளத்தில் இருப்பவளுக்கு, "நாளை பத்து மணிக்கு ஆய்வக வகுப்பு, தாமதமாக வர வேண்டாம்" என்று வரும். அது அவள் மின்னஞ்சலுக்கும் வரும்; அந்தப் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். காலையில் மற்ற வேலைகளை ஆரம்பிக்கும் முன் அந்த அறிவிப்புகளை ஒரு தடவை படிப்பேன். ஒரு தாய் மகளின் டைம் டேபிளைப் பார்ப்பதில் என்ன தப்பு என்று அப்போது நினைத்தேன்.

அதனால் அவளைச் செயலில் வைத்தேன். புதிய தளத்தில் அவள் பெயரில் உள்ளே போய், ஒரு பயிற்சித் தேர்வை எழுதினேன். பத்துக் கேள்வி. தாவரவியலில் எனக்கு வேப்ப மரத்துக்கும் புளிய மரத்துக்கும் வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு விடைகளைத் தட்டினேன். பத்துக்கு இரண்டு வந்தது.

என் மகள் பிறந்ததிலிருந்து பத்துக்கு இரண்டு வாங்கியதில்லை. திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் '2' என்று நின்றது. அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பிள்ளையை அழுக்குச் சட்டையோடு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டேன் என்பது போல இருந்தது. அடுத்தது ஒழுங்காக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இப்போது சிட்டுவின் தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சிட்டு அவளுக்கு வைத்த பெயர் நெட்டை. ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவு. எங்கள் வீட்டு வாசல்படியில் குனிந்துதான் உள்ளே வருவாள். வெளியூர்ப் பெண், விடுதியில் தங்கிப் படித்தாள். சனி ஞாயிறு என்றால் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் இருப்பாள். இருவரும் தெருத் தெருவாக அலைந்து, பெயர் தெரியாத செடி கொடியை எல்லாம் பறித்து வந்து, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே என் அகராதிகளை அடுக்கி நசுக்குவார்கள். வீடே புல் வாசனை அடிக்கும். நான் கத்துவேன். "அம்மா, இன்னும் ரெண்டே நாள்மா, காய்ஞ்சதும் எடுத்துருவோம்" என்று நெட்டைதான் சமாதானம் சொல்வாள். முதல் நாளிலிருந்தே என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டாள்.

ரோல் நம்பர் நாற்பத்தெட்டு. சிட்டுவுக்கு அடுத்தது. கடைசி ஆண்டு அசைன்மென்ட்டுக்கு யாருடைய தாளை எடுப்பது என்று யோசித்தபோது பட்டியலில் அடுத்த பெயர் அவளுடையது. அதனால்தான் எடுத்தேன், வேறு காரணம் இல்லை. நேற்று உங்களிடம் இப்படித்தான் சொன்னேன்.

செய்த விதம் எளிது. புதிய தளத்தில் மாணவர் தட்டத் தட்ட எழுத்து தானாகச் சேமிக்கப்படும். அவர் சமர்ப்பிக்கும் வரை அது வரைவுதான், ஆசிரியர் பார்க்க முடியாது. என்னைப் போன்ற இரண்டு பேர் பார்க்கலாம். மாணவர் ஏதாவது புகார் சொன்னால் அவர் கண்ணால் பார்ப்பதற்காகக் கொடுத்த உரிமை அது. 'நகரச் சுவர்களில் தானாக முளைக்கும் செடிகள்' என்பது தலைப்பு. நெட்டை ஒன்பது நாளாக எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வரி எழுதுவாள், அழிப்பாள், மறுபடி அதையே எழுதுவாள். நல்ல கட்டுரை. எனக்கே சுவர்களைப் பார்த்து நடக்க ஆசை வந்தது. கடைசி நாளுக்கு முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு அவள் எழுதி முடித்திருந்தாள். மறுநாள் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தாள் போலிருக்கிறது. ஐந்து பத்துக்கு அதை எடுத்து, சிட்டுவின் பெயரில் சமர்ப்பித்தேன். மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு நெட்டை தன்னுடையதைச் சமர்ப்பித்தாள். பதினாறு மணி நேரம் பிந்தி.

புதிய தளம் வருகிற ஒவ்வொரு தாளையும் ஏற்கெனவே வந்த தாள்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். முதலில் வந்தது அசல். பின்னால் வந்தது காப்பி. அதற்கு அவ்வளவுதான் தெரியும். நெட்டையின் தாளில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு காப்பி என்று அறிக்கை வந்தது. யாரிடமிருந்து காப்பி என்று அறிக்கையில் இருக்காது. பெயரை மறைத்துத் திருத்தும் வசதியைப் பேராசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். பாகுபாடு வரக் கூடாது என்பதற்காக.

இது நடக்கும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். அந்தச் சோதனையை அந்தத் தளத்தில் பொருத்தியவள் நான்.

ஒழுங்கு நடவடிக்கைக் குழு மூன்று வாரம் கழித்துக் கூடியது. ஜன்னல் இல்லாத ஒரு கூட்ட அறை. நீள மேசை. ஒரு பக்கம் மூன்று பேராசிரியர்கள், எதிர்ப்பக்கம் அந்தப் பெண். நான் ஓரத்தில், தொழில்நுட்ப விளக்கம் கொடுக்க. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வீட்டு ஆள் ஒருத்தர் வந்துவிட்டார் என்ற தெம்பு.

"எங்கேர்ந்து எடுத்தே?" என்றார் குழுத் தலைவர்.

"எங்கேயும் எடுக்கல சார். ஒன்பது நாள் உக்காந்து எழுதினேன். தளத்துலயே எழுதினேன் சார். வரைவு எல்லாம் அதுலயே இருக்கும். எடுத்துப் பாருங்க."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். வரைவுகள் பதினான்கு நாள்தான் இருக்கும், அதற்குப் பிறகு தானாக அழிந்துவிடும் என்று சொன்னேன். அது உண்மை. தொண்ணூறு நாளாக இருந்ததைப் பதினான்காகக் குறைத்தது யார், எப்போது என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கு நோட்டீஸ் அனுப்பிய அதே வாரத்தில்தான் குறைத்தேன். சர்வரில் இடம் போதவில்லை என்று கோப்பில் எழுதியிருக்கிறேன். இடமும் போதவில்லைதான்.

"அந்த இன்னொரு தாள் யாரோடதுன்னாவது சொல்லுங்க சார். அவங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க. ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வெச்சு கேளுங்க. யாரு எழுதினதுன்னு தெரிஞ்சுரும்."

மற்ற மாணவரின் அடையாளத்தை விதிப்படி வெளியிட இயலாது என்றேன். அதுவும் உண்மை. அன்று நான் ஒரு பொய் கூடச் சொல்லவில்லை.

குழுத் தலைவர் தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "இந்தக் கடைசி நாலு வரி மட்டும்தான் காப்பி இல்லை. அதுலயும் செத்துப்போன பொண்ணை இழுத்து அனுதாபம் தேடறே. அந்தப் பொண்ணோட அம்மா இங்கே உக்காந்திருக்காங்க, தெரியும்ல?" என்றார். பிறகு என்னிடம், "மன்னிச்சுக்கோங்க மேடம்" என்றார். பரவாயில்லை சார் என்றேன். அந்த நாலு வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நெட்டை அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். "அம்மா, நீங்க சொல்லுங்கம்மா. நான் எப்படி எழுதுவேன்னு உங்களுக்குத் தெரியும்லம்மா. ரெண்டு வருஷம் உங்க வீட்லதானே உக்காந்து எழுதினேன்."

"மென்பொருள் என்ன சொல்லுதோ அதைத்தான்மா நான் சொல்ல முடியும்" என்றேன்.

ஒரு வருடம் நீக்கம், உதவித்தொகை ரத்து, விடுதி அறையை ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும் என்று தீர்ப்பு. கையெழுத்துப் போட அவளிடம் பேனா இல்லை. என் பேனாவைக் கொடுத்தேன். "தேங்க்ஸ்மா" என்று சொல்லித்தான் திருப்பிக் கொடுத்தாள். பழக்கதோஷம்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் நிம்மதியாக இருந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. வேலை தலைக்கு மேல் இருந்தது. பழைய தளத்தை மூடும் நாளில் எங்கள் பிரிவில் கேக் வெட்டினார்கள். பட்டியலில் நாற்பத்தாறு இருந்தது, நாற்பத்தேழு இருந்தது, அடுத்தது நாற்பத்தொன்பது. மதிப்பெண் வெளியிடும் தேதிக்காக நான் காத்திருந்தேன். வேறு எதற்கும் அப்போது நான் காத்திருக்கவில்லை.

இனி நான் செய்த பிழை. எட்டு மாதத்தில் எத்தனையோ பேருடைய கவனக்குறைவைத் திருத்தியிருக்கிறேன். என்னுடையது ஒன்று கண்ணில் படவில்லை. புதிய தளத்தில், பருவ மதிப்பெண் வெளியானதும் பெற்றோர் கைபேசிக்குச் செய்தி போகும். பழைய தளத்தில் அந்த வசதி கிடையாது. ஆனால் பெற்றோர் எண்ணைக் கேட்கும் ஒரு கட்டம் சேர்க்கைப் படிவத்தில் இருந்தது. எல்லா விவரங்களையும் போல அதையும் நான்தான் ஒழுங்காக இடம் மாற்றினேன். சிட்டுவின் படிவத்தில் இருந்தது அவள் அப்பாவின் எண்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சு குறைவு. மகள் போன பிறகு அதுவும் நின்றுவிட்டது. சாப்பிட்டாச்சா, கதவைச் சாத்து, அவ்வளவுதான் எங்கள் சம்சாரம். அன்று மத்தியானம் வேலை செய்த சட்டையோடு, கையெல்லாம் கிரீஸோடு, என் அலுவலகத்துக்குள் வந்து நின்றார். இத்தனை வருடத்தில் அவர் அங்கே வந்ததில்லை.

"இங்க பாரேன்" என்று கைபேசியை நீட்டினார். "சிட்டுவுக்கு மார்க் வந்திருக்கு."

'உங்கள் மகள் ஐம்பதுக்கு நாற்பத்து மூன்று மதிப்பெண் பெற்றுள்ளார். வாழ்த்துகள்.'

"எப்பவோ எழுதி வெச்சதா இருக்குமா? இப்பதான் திருத்தினாங்களா?" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. "ஆமா, பழசுதான். இடம் மாத்தும்போது கிடைச்சுது" என்றேன். அது பொய். நான் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன். அவர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் கிரீஸ் தடம் விழுந்தது. பக்கத்து மேசைக்காரர்களிடம் எல்லாம் காட்டினார். "என் பொண்ணு. நாப்பத்து மூணு." அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் கணினியைப் பார்த்தேன்.

அவருக்கு அந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டும் என்று ஆசை. அச்சடித்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இப்போது தெரியவில்லை. ஒருவேளை அவர் படிப்பதைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்திருக்கலாம். சமையலறை மேசையில் வைத்து, எழுத்துக் கூட்டுகிறவர் மாதிரி விரலை ஓட்டிப் படித்தார். இரண்டு நாள் படித்தார். மூன்றாம் நாள் காலை ஐந்தாம் பக்கத்தில் விரல் நின்றது.

"புதிய நூலகத்தோட மேற்குச் சுவர்ல, அப்படின்னு எழுதியிருக்கு" என்றார்.

"சரி."

"அந்தக் கட்டடத்துக்கு நான்தான் லிஃப்ட் மாட்டினேன். அப்ப சிட்டு இல்ல."

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை மூடினேன். யார் எழுதியது என்று கேட்டார், சொன்னேன். அந்தப் பெண் இப்போது எங்கே என்று கேட்டார், அதையும் சொன்னேன். அவர் என்னை அடித்திருக்கலாம், கத்தியிருக்கலாம். கட்டுரையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். நெட்டை அவளுடைய ஊரில் ஒரு துணிக்கடையில் சட்டை மடித்து அடுக்கும் வேலை பார்க்கிறாள். திரும்பி வந்து சொன்னார். "என்னைப் பார்த்ததும் அந்தப் புள்ள மொதல்ல என்ன கேட்டுச்சு தெரியுமா? அம்மா எப்படி இருக்காங்க, சாப்பிடறாங்களான்னு கேட்டுச்சு." மறுநாள் உங்களிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. மகளுக்காக ஒரு அப்பா செய்ய வேண்டியதை அவர் செய்தார். அவர் நினைத்தது எந்த மகளை என்று எனக்குப் புரியவில்லை.

இது வரை எழுதியதில் இரண்டு இடம் சரியில்லை. நேற்று உங்கள் அறையில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தண்ணீர் கொடுத்தீர்கள். கணக்கைக் காப்பாற்ற அந்தக் கட்டுரை தேவைப்பட்டதா என்பது கேள்வி. இல்லை. ஒரு லாகின் போதும். அந்தப் பயிற்சித் தேர்வோடு சிட்டுவின் கணக்கு பத்திரமாகிவிட்டது. அந்தப் பத்துக்கு இரண்டும் பருவக் கணக்கில் சேராது. நெட்டையைத் தொட வேண்டிய தேவை எதுவும் இல்லை.

ரோல் நம்பர் அடுத்தது என்பதால் அவள் தாளை எடுத்தேன் என்பதும் சரியில்லை. வேறு எந்த மாணவரின் வரைவையும் நான் திறக்கவே இல்லை. அவளுடையதை ஒன்பது நாளும் திறந்தேன். அவள் எழுதுகிறாள், அழிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகளோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவள் அவள் இல்லாமல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், பட்டம் வாங்கப்போகிறாள். அவளை நான் வெறுக்கவில்லை. அவள் அப்படிப் போய்க்கொண்டே இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சிட்டுவுக்குக் காய்ச்சல் வந்த அந்த நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலையில் சிட்டு, "அம்மா, தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்றாள். "மாத்திரையைப் போட்டுக்கிட்டுக் கிளம்பு, பிராக்டிகல் இருக்குல்ல" என்றேன். பதினோரு மணிக்கு ஆய்வகத்தில் வாந்தி எடுத்தாள். நெட்டைதான் டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். எனக்கு ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறாள். அன்று தேர்வு நடுவில் சர்வர் படுத்துவிட்டது. நானூறு மாணவர்கள் திரையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலை பார்த்தேன். சர்வரை எழுப்பிவிட்டேன், எல்லாரும் கை தட்டினார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சிட்டுவுக்கு நினைவு போயிருந்தது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. நெட்டை என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். நான் கையை உருவிக்கொண்டேன். பிறகும் ஒரு தடவை வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறக்கவில்லை.

இப்போது அந்த நாலு வரி. நெட்டை கட்டுரையின் கடைசியில் எழுதியிருந்தது இது:

'இந்தக் கட்டுரைக்குக் காரணம் என் தோழி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பாலத்தடியில் டாக்ஸி நின்றபோது, சுவரில் முளைத்திருந்த பெரணிச் செடியைக் காட்டி, "இதுக்கு யாருடி தண்ணி ஊத்தறா? கேட்டுச் சொல்லு" என்றாள். அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவரை இங்கே எழுதியிருக்கிறேன்.'

கீழே சிட்டுவின் முழுப் பெயரையும் எழுதியிருந்தாள்.

அவள் பெயர் எங்கேயாவது இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே இத்தனையும் செய்தேன். இதோ, யாரும் கேட்காமல் ஒருத்தி எழுதி வைத்திருந்தாள். அதைப் படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது. என் மகள் கடைசியாகப் பேசியது இவளிடம். அதை இவள் இத்தனை நாள் கைக்குள் வைத்திருந்து, பேராசிரியருக்கு எழுதுகிறாள். நாலு வரியையும் பெயரோடு சேர்த்துத் தேர்ந்தெடுத்து அழித்தேன். மிச்சத்தைத்தான் சிட்டுவின் பெயரில் கொடுத்தேன்.

தாளைத் திரும்பப் பெறும் படிவத்திலும், அந்தக் கணக்கை நீக்கும் படிவத்திலும் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நெட்டை மறுபடி படிக்க வரலாம். அவள் ஒரு எழுத்துக் கூடக் காப்பி அடிக்கவில்லை என்று எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன். எனக்கு என்ன தண்டனை என்று நான் கேட்கப்போவதில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அவள் வரும்போது என்னை ஒரு தடவை அவள் எதிரில் உட்கார வையுங்கள். மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைப்பீர்கள். கேட்கிறேன், அதையும் கேட்கிறேன். ஆனால் பல்கலைக்கழக வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை அந்த டாக்ஸி பதினெட்டு நிமிடம் போயிருக்கிறது. அவள் எழுதியிருப்பது நாலே வரி. பதினெட்டு நிமிடத்தில் என் மகள் ஒரு தடவையாவது அம்மா எங்கே என்று கேட்டிருப்பாள். அதை அவள் ஏன் எழுதவில்லை என்று எனக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.